கிளாஸ்கோவில் புகலிடம் கோரி வந்திருப்பவர்களை வரவேற்பது: விருந்துக்கு மேல் என்ன செய்யலாம்?

தெற்குக்கரை (கேள்வி)

வணக்கம். நான் திருச்சிக்காரன், ஐந்து ஆண்டுகளாகக் கிளாஸ்கோவின் தென்பகுதியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் உள்ள இரண்டு வீடுகளில், பிரிட்டிஷ் உள்துறைக்காகத் தங்குமிடம் நடத்தும் ஒப்பந்த நிறுவனம், சூடானிலிருந்தும் எரித்திரியாவிலிருந்தும் புகலிடம் கோரி வந்திருக்கும் இளைஞர்கள் ஆறு பேரைக் குடிவைத்திருக்கிறது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவார்கள். அதற்கு மேல் பழக்கம் இல்லாமல் இருந்தது.

இந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் முப்பது இருக்கின்றன. பொங்கலையும் தீபாவளியையும் சேர்ந்து கொண்டாடுகிறோம். வரும் பொங்கலுக்கு அக்கம்பக்கத்தில் தங்கவைக்கப்பட்டிருக்கும் இத்தகையவர்களையும் அழைத்து, தேவாலய மண்டபத்தில் இலை போட்டுப் பரிமாறி, குளிருக்கான துணிமணிகளையும் கொடுத்தனுப்பலாம் என்று முடிவாயிற்று. ஏற்பாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முன்னோட்டம் போல, வீட்டில் இருந்த நல்ல ஸ்வெட்டர்களை ஒரு பையில் போட்டு மேல்மாடி இளைஞர் ஒருவரிடம் கொடுத்தேன். பணிவாக வாங்கிக்கொண்டு மேலே போனவர், பத்து நிமிடத்தில் ஒரு பிஸ்கட் தகர டப்பாவோடு இறங்கி வந்தார். திறந்து காட்டினார்: உள்ளே அவருக்கு வந்த கடிதங்கள் எல்லாம், உறை கிழியாமல், தேதி வாரியாக நிறுத்தி அடுக்கப்பட்டிருந்தன. முன்னால் இருந்ததை எடுத்து நீட்டி, இது என்ன என்று கைச்சாடையில் கேட்டார். மருத்துவமனை முன்பதிவுக் கடிதம் அது. குறித்த நாள் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஸ்வெட்டர் அவருக்கு ஏற்கெனவே மூன்று இடங்களிலிருந்து வந்திருந்ததாம். அதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து இந்த விருந்து யாருக்காக என்ற கேள்வி என்னைக் குடைகிறது. எங்களில் ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். சனி ஞாயிறுகளில் அந்த இளைஞருக்கு வேலை தரத் தயாராக இருக்கிறார், அதற்குச் சட்டம் இடம் தருமா? அவர்களுடைய கதையைக் கேட்காமல் பேச்சை எப்படித் தொடங்குவது? "நாம் விசாவுக்கும் மருத்துவ வரிக்கும் ஆயிரக்கணக்கில் கட்டி முறையாக வந்தவர்கள், இவர்களுக்கு மட்டும் ஏன் எல்லாம் இலவசம்" என்று கேட்கும் எங்கள் ஆட்களுக்கு என்ன பதில் சொல்வது? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

பழைய சைட்ஹில்காரன்

தம்பி, நான் வவுனியாவில் இருந்து வந்தவன். 2001 ஜனவரியில் இலண்டனில் இருந்து இரவு பஸ்ஸில் ஏற்றி அனுப்பி, விடியப்புறம் கிளாஸ்கோவில் இறக்கினார்கள். நீங்கள் கேட்டதற்கு என்னால் சட்டம் சொல்ல முடியாது. என்னை எது இந்த நகரத்து மனிதன் ஆக்கியது, எது ஆக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புகலிடம் கோருவோரை இலண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் தேங்கவிடாமல் நாடெங்கும் பிரித்து அனுப்பும் ஏற்பாடு 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. ஸ்கொட்லாந்தில் அதற்கு முன்வந்த நகரம் கிளாஸ்கோ. மனிதாபிமானம் ஒரு பக்கம் இருக்க, வாடகைக்கு ஆள் கிடைக்காமல் பூட்டிக் கிடந்த மாடி வீடுகள் மாநகரசபையிடம் நிறைய இருந்ததும் ஒரு காரணம். சைட்ஹில் அப்படியான இடம். இருபது மாடிக் கட்டடங்கள். லிஃப்ற் பாதி நாள் ஓடாது. எங்களுக்கு முன்பே அங்கே இருந்த சனம் ஏழைச் சனம். நாங்கள் வருகிறோம் என்று அவர்களிடம் யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை, எங்கே வந்திருக்கிறோம் என்று எங்களிடமும் சொல்லவில்லை. எங்கள் வீடுகளுக்குக் கட்டிலும் கம்பளமும் இறங்குவதைப் பார்த்து, ஆண்டுக்கணக்காகச் சுவர் ஈரத்தைப் பற்றி முறைப்பாடு செய்து அலுத்துப்போனவர்களுக்கு என்ன தோன்றும்? அந்த ஆண்டு ஆகஸ்டில் குர்து இளைஞர் ஒருவர் அங்கே குத்திக் கொல்லப்பட்டார். நாங்கள் நகர மையத்துக்கு ஊர்வலம் போனோம்; எங்கள் எல்லோரையும் இனவெறியர் ஆக்குகிறார்களே என்று உள்ளூர்ச் சனமும் கூடியது. அதற்குப் பிறகுதான் இரண்டு பக்கமும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து கதைக்கத் தொடங்கினோம். கொலைக்குப் பிறகு நடந்த அந்தக் கூட்டம் பஸ் வந்து இறங்கிய முதல் கிழமையே நடந்திருக்க வேண்டியது என்று நான் இன்றைக்கும் நினைப்பதுண்டு.

அப்போது எங்களுக்குக் காசு கையில் தருவதில்லை. பெரும்பகுதியை வவுச்சராகத் தந்தார்கள். வவுச்சருக்குக் கடையில் மிச்சம் தரக்கூடாது என்பது விதி. முதல் கிழமை சுப்பர்மார்க்கெட்டில் அரிசியும் வெங்காயமும் வாங்கி, ஐந்து பவுண்ட் வவுச்சரை நீட்டினேன். காசாளர் பெண் ஏதோ சொன்னார்; கிளாஸ்கோ ஆங்கிலம் ஆங்கிலமே இல்லை என்று அன்றைக்கு நம்பினேன். பின்னால் வரிசை நீள்கிறது. எனக்குப் பின்னால் நின்ற வயதான பெண், ஒன்றும் பேசாமல், பக்கத்துத் தட்டில் இருந்து ஒரு சவர்க்காரத்தையும் ஒரு சின்னச் சொக்லேட்டையும் எடுத்து என் சாமான்களோடு வைத்தார். கணக்கு ஐந்து பவுண்டுக்குக் கிட்ட வந்துவிட்டது. வெளியே வந்ததும், ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: மிச்சம் கிடையாது, முதலே கூட்டிப் பார்த்து வாங்கு. எங்கள் கட்டடத்தில் ஏழாம் மாடியில் இருந்தவர் அவர். என் நாட்டில் என்ன நடந்தது என்று அவர் சாகும்வரை கேட்கவில்லை; நானாகச் சொன்னது ஆறு ஆண்டுக்குப் பிறகு, அவருடைய கணவரின் செத்தவீட்டன்று.

இன்னொன்று வேலை. 2002 ஜூலை வரை, ஆறு மாதத்தில் முடிவு வராவிட்டால் வேலை செய்ய அனுமதி கேட்கலாம். எனக்குக் கிடைத்தது. மீன் பதப்படுத்தும் கிடங்கு ஒன்றில் அதிகாலை வேலை. கை விறைத்தாலும் அங்கேதான் மொழி படித்தேன், அங்கேதான் ஒருவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். எனக்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். ஆகையால், தம்பி, நீங்கள் சந்திக்கும் பொடியன் சோம்பேறி போலப் பகல் முழுவதும் யன்னலோரம் நின்றால், அவனை அப்படி நிற்க வைத்தது எது என்பதை உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள். சைட்ஹில் மாடிகளை இடித்தாயிற்று. அந்த விதி இன்னும் நிற்கிறது.

விருந்து வையுங்கள். ஆனால் அவர்களை உட்காரவைத்துப் பரிமாறாதீர்கள். வெங்காயம் உரிக்கக் கூப்பிடுங்கள்.

ஆலோசனை மேசை

கிளாஸ்கோவில் அகதிகளுக்கான அறக்கட்டளை ஒன்றில் சில ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கேள்வியாளர் கேட்ட சட்ட விஷயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நல்லெண்ணத்தில் செய்யும் தவறு அந்த இளைஞரையே பாதிக்கும்.

மளிகைக் கடை வேலை வேண்டாம். விண்ணப்பித்துப் பன்னிரண்டு மாதம் கடந்தும், தன் பிழையின்றி முடிவு வராமல் இருந்தால் மட்டுமே வேலை அனுமதி கேட்கலாம். கிடைத்தாலும், அரசு பட்டியலிட்டிருக்கும் குறிப்பிட்ட பணிகளில் மட்டுமே சேரலாம். அனுமதியில்லாதவரை வேலைக்கு வைத்தால், 2024 பிப்ரவரி முதல், முதல் தடவையிலேயே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். "சம்பளமில்லாமல் சும்மா உதவுகிறார்" என்று சமாளிக்கவும் முடியாது. லாப நோக்குள்ள கடையில் செய்வது எப்படிப் பார்த்தாலும் வேலைதான். பதிவுபெற்ற அறக்கட்டளையிலோ பொதுத்துறை அமைப்பிலோ தொண்டு செய்வதற்கு முதல் நாளிலிருந்தே தடையில்லை, அதற்கு வழிகாட்டுங்கள்.

அடுத்து அந்தத் தகர டப்பா. நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதில்தான் இருக்கிறது, ஒரு எச்சரிக்கையோடு. கடிதத்தை வாசித்து, என்ன நாள், எந்த இடம், யாரைக் கூப்பிட வேண்டும் என்று விளக்கலாம். அவருடைய புகலிட விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்று யோசனை சொல்லக் கூடாது. பதிவு பெறாதவர் குடிவரவு ஆலோசனை வழங்குவது இந்த நாட்டில் குற்றம். அது இலவச ஆலோசனைக்கும் பொருந்தும். உள்துறைக் கடிதம் என்றால் அன்றே அவருடைய வழக்கறிஞருக்குப் போன் போட்டுக் கொடுங்கள். வழக்கறிஞர் இல்லையென்றால் ஸ்காட்டிஷ் ரெஃப்யூஜி கவுன்சிலைக் கேட்கச் சொல்லுங்கள்.

இலவசம் என்ற பேச்சுக்கு: சமையலறை உள்ள தங்குமிடத்தில் இருப்பவருக்கு 2024 தொடக்கத்தில் நிர்ணயித்த தொகை வாரத்துக்கு 49.18 பவுண்டு, உணவு தரும் விடுதியில் வைக்கப்பட்டவருக்கு 8.86. அதில்தான் பேருந்து, போன், சோப்பு எல்லாம். கிளாஸ்கோவில் ஆங்கில வகுப்புக்கும் வழக்கறிஞரைப் பார்க்கவும் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டியிருக்கும். 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2022 ஜனவரி முதல் ஸ்காட்லாந்தெங்கும் பேருந்து இலவசம். அது இவர்களுக்கும் உண்டு, ஆனால் அட்டைக்கு விண்ணப்பிக்கத் தெரியாமல் நடந்தே போகும் பிள்ளைகளை வாரந்தோறும் பார்க்கிறேன். ஐம்பது பேர் விருந்துக்கு ஆகும் செலவில் எத்தனை மாதப் பேருந்துப் பயணம் வாங்கலாம் என்று உங்கள் பொருளாளரைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

எல்லோரும் மறப்பது வெற்றி கிடைக்கும் நாளை. அகதித் தகுதி வழங்கப்பட்டதும் வாழ்த்துச் சொல்லிவிட்டு நாம் விலகிவிடுகிறோம். உண்மையான ஆபத்து அன்றுதான் தொடங்குகிறது. தங்குமிடத்தைக் காலி செய்ய நெடுங்காலமாகத் தரப்பட்டுவந்த அவகாசம் 28 நாள். யுனிவர்சல் கிரெடிட் எனப்படும் அரசு உதவித்தொகையின் முதல் தவணை கைக்கு வர ஏறக்குறைய ஐந்து வாரம், அதாவது 35 நாள். கழித்துப் பாருங்கள். 2024 டிசம்பரில் சோதனையாக 56 நாள் ஆக்கினார்கள், பின்னர் தனியாள்களுக்கு மீண்டும் 28 ஆயிற்று. அந்த நாள்களில் வங்கிக் கணக்கு, இ-விசாவுக்கான மின்னஞ்சல், மாநகராட்சியின் வீடற்றோர் பிரிவு என்று மூன்று இடங்களுக்கு அலைய வேண்டும். உடன் போய் வரிசையில் நிற்க ஒருவர் இருந்தால் போதும், சாலையில் படுக்கும் நிலை தவிர்க்கப்படுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கதை கேட்பது பற்றி: உள்துறை நேர்காணலில் மணிக்கணக்காக அதையே சொல்லியிருப்பார்கள், ஒரு தேதி மாறினால் பொய் என்பார்களோ என்ற பயத்தோடு. நீங்கள் கேட்டாலும் அதே பயம்தான் எழும். வானிலை, கால்பந்து, சமையல் மூன்றும் கிளாஸ்கோவில் எப்போதும் கைகொடுக்கும். தமிழர் யாராவது புகலிடம் கோரி வந்திருந்தால், உங்கள் சங்கத்தில் ஒருவரை மொழிபெயர்ப்புக்கு அனுப்பாதீர்கள். சொல்வது ஊர்வரை போய்விடும் என்று அஞ்சி வாய் திறக்காமல் போனவர்கள் உண்டு.

ஈஸ்ட் எண்ட் குடியிருப்பாளர்

எல்லோரும் ஒரே பக்கம் எழுதுவதால் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். நானும் இங்கே பதினான்கு ஆண்டுகளாக வரி கட்டுகிறேன். முழங்கால் தேய்ந்து மூன்றாம் மாடி ஏற முடியாத என் மாமியாருக்குத் தரைத்தள வீடு கேட்டு நான்காண்டுகளாகக் காத்திருக்கிறோம். 2023 நவம்பரில் கிளாஸ்கோ மாநகராட்சியே வீட்டு நெருக்கடி என்று அறிவித்தது. புகலிட விண்ணப்பங்களை உள்துறை வேகமாக முடித்து, தகுதி பெற்றவர்களை நகரத்தின் கையில் விடுவதை ஒரு காரணமாக அதுவே சொன்னது. இங்கிலாந்தில் தனி ஆண் ஒருவருக்கு வீடற்றவர் என்ற முன்னுரிமை எளிதில் கிடைக்காது, ஸ்காட்லாந்தில் 2012 இறுதியோடு அந்த வேறுபாடு எடுக்கப்பட்டது. அதனால் அங்கே தகுதி பெற்றவர்களும் இங்கே வருகிறார்கள். இதைச் சொன்னால் உடனே இனவெறி என்கிறார்கள். எனக்கு அந்த இளைஞர்கள்மேல் கோபமில்லை. வரவேற்பு என்று மேடையில் பேசுபவர்கள் வீட்டுக் கணக்கையும் பேச வேண்டும் என்கிறேன்.

பழைய சைட்ஹில்காரன்

நீங்கள் சொல்வதில் பிழை இல்லை, ஐயா. நாங்கள் வந்தபோது வீடு காலியாகக் கிடந்தது, இப்போது இல்லை. பழைய கதையை வைத்து இன்றைய கணக்கை மறைக்கக் கூடாது. இருபது ஆண்டுக்கு மேலாக ஸ்கொட்லாந்தின் பங்கு முழுவதையும் ஏறக்குறைய இந்த ஒரே நகரம் சுமந்தது. எல்லா உள்ளூராட்சிகளும் பங்கெடுக்க வேண்டும் என்று இலண்டன் அறிவித்ததே 2022இல். முடிவெடுப்பது அங்கே, வீடு தேடுவது இங்கே. உங்கள் மாமியாரின் இடத்தை அந்தப் பொடியன் பறிக்கவில்லை. இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு, வரிசைக்கு வீடு கட்டாமல் விட்டார்கள். சைட்ஹில்லிலும் இதுவேதான் நடந்தது. உங்களைப் போன்றவர்கள் கூட்டத்துக்கு வந்து இதைச் சொல்ல வேண்டும், வராமல் இருந்தால்தான் ஆபத்து.

நூலக மேசை

சமூகப் பணி படிக்கும் மாணவி என்ற முறையில் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். அகதிகள் ஒரு ஊரில் இணைவது என்றால் என்ன என்பதற்கு இன்று பிரிட்டனில் பரவலாகப் பயன்படும் சட்டகம் ஒன்று, எடின்பரோவின் குயின் மார்கரெட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான அலஸ்டைர் ஏகரும் அலிசன் ஸ்ட்ராங்கும் உருவாக்கியது. அதற்கான கள ஆய்வு நடந்த இரண்டு இடங்களில் ஒன்று நம் தென்பகுதியில் இருக்கும் பொல்லாக்ஷாஸ், மற்றது இலண்டனின் இஸ்லிங்டன். வேலை, வீடு, கல்வி, உடல்நலம் ஆகியவற்றை ஒரு பக்கமும் உறவுகளை மறுபக்கமும் வைக்கிறார்கள். உறவிலும் மூன்று வகை: தன் இனத்தவரோடு உள்ள பிணைப்பு, பிற சமூகத்தாரோடு உள்ள பாலம், அரசு அமைப்புகளோடு உள்ள தொடர்பு. மூன்றில் ஒன்று இல்லாமல் மற்றவை நிற்பதில்லை. எதிர்ப்படுபவர்கள் அன்றாடம் காட்டும் சிறு இணக்கமே இது நம் இடம் என்ற உணர்வைத் தருவதாக அகதிகள் சொன்னதும் அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது. மேலே சொன்ன சவர்க்காரமும் சாக்லேட்டும் அதுதான்.

கொள்கை அளவில் ஸ்காட்லாந்து இதை ஓரளவு ஏற்றிருக்கிறது. 2013 இறுதியில் வெளியான "புதிய ஸ்காட்டியர்" என்ற இணைப்புத் திட்டம், தகுதி கிடைத்த பிறகு அல்ல, வந்து இறங்கிய நாளிலிருந்தே இணைப்பு தொடங்குகிறது என்கிறது. ஆனால் புகலிட முடிவும் வேலை அனுமதியும் தங்குமிடமும் வெஸ்ட்மின்ஸ்டரின், அதாவது இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அரசின், அதிகாரத்தில் இருக்கின்றன. பள்ளியும் மருத்துவமும் ஈசால் எனப்படும் ஆங்கில வகுப்பும் இங்கே. ஒரு கை முதல் நாளே வா என்கிறது, மறுகை முடிவு வரும்வரை பொறு என்கிறது. அண்டை வீட்டாருக்கு இடம் கிடைப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். 2021 மே 13, ஈகைத் திருநாளன்று, பொல்லாக்ஷீல்ட்ஸின் கென்மூர் தெருவில் இரண்டு இந்தியர்களை ஏற்றிய குடிவரவுத் துறை வேனை நூற்றுக்கணக்கானோர் ஏறக்குறைய எட்டு மணிநேரம் நகரவிடாமல் மறித்து, அவர்களை விடுவிக்க வைத்தார்கள். அன்று கூடியவர்களில் பலர் அதே தெருக்களில் குடியிருப்பவர்கள். அடையாளம் தெரிந்த மனிதருக்காகத்தான் தெரு இறங்கி வரும்.

ஒரு சிறு யோசனை: ரெஃப்யூவீஜி என்ற உள்ளூர் அமைப்பு 2015 முதல், புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்கும் பையில் நகரத்தார் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றையும் வைக்கிறது. உங்கள் குழந்தைகளை எழுதச் சொல்லுங்கள். எந்தப் பூங்காவில் அணில் கையிலிருந்தே வாங்கித் தின்னும் என்பது போன்ற தகவல்கள் பெரியவர்களுக்குத் தெரியாது.

தெற்குக்கரை

அனைவருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டத்தில் இந்த இழையை அப்படியே வாசித்தேன். 28, 35 என்ற கழித்தல் கணக்கு மற்ற எல்லா வாதங்களையும்விட வேலை செய்தது. விசா கட்டணம் பற்றி உரத்துப் பேசிய நண்பர்தான், வங்கி வேலை தெரிந்தவர் என்பதால், தகுதி கிடைப்பவர்களோடு கணக்குத் தொடங்கக் கூடப் போகிறேன் என்று முன்வந்தார். ஈஸ்ட் எண்ட் நண்பர் எழுதியதையும் சேர்த்தே வாசித்தேன். அதற்கு யாரிடமும் பதில் இல்லை; மாநகராட்சி உறுப்பினரை அழைத்து வீட்டு விஷயத்தை மட்டும் தனியாகப் பேசலாம் என்று தேதி கேட்டிருக்கிறோம்.

விருந்து நடக்கும், சிறிதாக. துணிமணி கிடையாது, மிச்சமாகும் பணம் பேருந்துக்கு. மண்டபத்தை வாடகைக்குத் தரும் தேவாலயம் பதிவுபெற்ற அறக்கட்டளை என்பதால், அவர்களுடைய செவ்வாய்க்கிழமை உணவுப் பந்தியில் மேல்மாடி இளைஞர் தொண்டராகச் சேர்ந்திருக்கிறார். ஆங்கில வகுப்புக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதால், அதுவரை ஞாயிறு காலையில் ஒரு பேச்சு மேசை போடுகிறோம். பாடப்புத்தகம் எதுவும் இல்லை, தெருப்பெயர்களும் பேருந்து எண்களும்தான்.

தவறிப்போன மருத்துவமனை முன்பதிவுக்குப் போன் செய்து புதிய நாள் வாங்கினோம். நாளை மாலை டப்பாவோடு வருகிறார், மற்ற கடிதங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு.

பழைய சைட்ஹில்காரன்

நல்லது, தம்பி. ஒன்று மட்டும்: கடிதங்களை வெளியே எடுத்தால், அவர் வைத்த வரிசை மாறாமல் உறையோடு திருப்பி வையுங்கள். என்னுடையது ஒரு சப்பாத்துப் பெட்டி. இன்னும் இருக்கிறது.